நாய்க்குக் காளான் பொடி விற்பவர்களுக்கும், அதை வாங்கச் சொன்ன எனக்கும்

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். நாய் வளர்ப்பவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். பச்சை நிற டின் ஒன்று, பக்கத்தில் சிரித்த முகத்தோடு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். "செல்லப் பிராணிகளுக்கு மருத்துவக் காளான், முழுமையான ஆரோக்கியம், பக்க விளைவே இல்லை, நம் மாணவர் முன்னேறட்டும்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். 64 பேர் பகிர்ந்தீர்கள். நேற்று அந்தப் பதிவை நீக்கிவிட்டேன். சத்தமில்லாமல் நீக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்தான். ஆனால் தப்பாகப் போட்ட கணக்கைக் கரும்பலகையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அழித்துத் திருத்தச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால் இங்கேயே திருத்துகிறேன்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு கோம்பை நாய் வைத்திருந்தார். பெயர் செவலை. பெயருக்கேற்ற செம்பழுப்பு நிறம், கரிப்பிடித்த மாதிரி கருத்த வாய். கோம்பை எங்கள் உத்தமபாளையம் வட்டத்து ஊர் என்பது வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊர் பெயரே நாயின் பெயர். காட்டுப்பன்றியை மறித்து நிற்கிற ஜாதி. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையின் பெயரையும் சொன்னார். அதன் பிறகு எங்கள் பக்கம் குட்டிக்குக் கேட்கிற விலையே மாறிவிட்டது. விலை ஏறிய இடத்துக்குப் பொடி விற்கிறவன் வராமல் இருப்பானா? வந்தான். என்ன செய்வது, வந்தவன் என் மாணவனாக இருந்துவிட்டான்.

செவலை ஒருநாள் சாப்பிடவில்லை. மறுநாளும் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அண்ணன் வேலியோரம் வந்து கேட்டார்: "வாத்தியாரே, செவலை ரெண்டு நாளா வாய் வைக்க மாட்டேங்குது. உடம்பும் சுடுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டா?"

நான் சொன்னேன்: "அதுக்குள்ள ஊசி எதுக்கண்ணே? வீட்ல ஒரு டின் இருக்கு. முதல்ல அதைக் கொடுத்துப் பாருங்க."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இரண்டு மாதமாக விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். எனக்கு நாய் கிடையாது. பையன் வீட்டுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, "சார், நீங்க ஒண்ணு வாங்குனா ஊரே வாங்கும்" என்றான். 1,850 ரூபாய் கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அந்த டின்னைத்தான் எடுத்துக் கொடுத்தேன். என்ன வியாதி என்று எனக்குத் தெரியாது. கொடுத்த பொடி என்னவென்றும் தெரியாது. வாத்தியார் சொன்னார் என்பதற்காக அவர் வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் செவலை கொஞ்சம் கறிச்சோறு தின்றது. "பாத்தீங்களா!" என்று நானே பெருமையாகப் பையனுக்குப் போன் செய்தேன். ஏழாம் நாள் மறுபடி படுத்துவிட்டது. ஒன்பதாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம். பயந்துபோய்ப் பையனைக் கேட்டேன். அவன் தன் மேலாளைக் கேட்டுவிட்டு, "அது நல்லதுதான் சார், டீடாக்ஸ். கெட்ட ரத்தம் வெளியேறுது. அளவை ரெண்டு மடங்கு ஆக்குங்க" என்றான். ஆக்கினோம்.

பதினோராம் நாள் அண்ணன் என்னைக் கேட்காமலே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். கால்நடை மருத்துவர் முதலில் செய்த வேலை, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தது. ஈறு சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. அடுத்து காதைத் திருப்பினார். உள்மடிப்பில் கொத்துக் கொத்தாக உண்ணி. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. "உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா. எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஆரம்பத்துலயே வந்திருந்தா பெரும்பாலும் மாத்திரையிலேயே கேட்டிருக்கும்" என்றார் மருத்துவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி செவலை போய்விட்டது.

பொடிதான் நாயைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கொன்றது உண்ணி கொண்டுவந்த கிருமி. பொடி தின்றது பதினோரு நாளை. டாக்சிசைக்ளின் என்கிற சாதாரண மாத்திரை, வழக்கமாக 28 நாள் கொடுப்பார்களாம். விலை சில நூறு ரூபாய். அந்த மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டிய பதினோரு நாளில் நாங்கள் காளான் பொடியைத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தோம். "பக்க விளைவே இல்லை" என்று சொல்கிறவர்கள் கணக்கில் இந்தப் பதினோரு நாள் வராது. நாள் போவதும் ஒரு விளைவுதான் என்று யாரும் டின்னில் அச்சடிப்பதில்லை.

அதன் பிறகுதான் அந்த டின்னை எடுத்து வைத்து ஒழுங்காகப் படித்தேன். வாங்கும்போது செய்திருக்க வேண்டிய வேலை.

லேபிளில் நாலு காளான் பெயர் இருந்தது. ரெய்ஷி, டர்க்கி டெயில் என்கிற வான்கோழி வால் காளான், சாகா, லயன்ஸ் மேன். ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம்? இல்லை. காளானின் எந்தப் பகுதி? இல்லை. நாயின் எடைக்கு எவ்வளவு? "தினம் ஒரு ஸ்பூன்". பத்து மாதக் குட்டிக்கும் ஒரு ஸ்பூன், நாற்பது கிலோ ராஜபாளையத்துக்கும் ஒரு ஸ்பூன். மூலையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் மட்டும் பெரிதாக இருந்தது. "அரசாங்க அப்ரூவல் சார்" என்று பையன் விரலை வைத்துக் காட்டியது அதைத்தான். அந்த எண் ஒரு நிறுவனம் மனிதர் உண்ணும் பொருள் தயாரிக்க வாங்குகிற உரிமத்தின் எண். நோய் தீரும் என்பதற்கான சான்று இல்லை. அதைவிட வேடிக்கை, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "உணவு" என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்திலேயே விலங்குத் தீவனம் சேராது என்று எழுதியிருக்கிறது. நாய்க்கு விற்கிற டின்னில் அந்த எண்ணைக் காட்டுவது, மாட்டுவண்டிக்கு ரேஷன் கார்டு காட்டுகிற மாதிரி.

அடுத்து, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆய்வைச் செய்து பார்த்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியதுதான். சோற்றில் அயோடின் விட்டால் கருநீலம் ஆகும், அதில் ஸ்டார்ச் இருக்கிறது. என்னிடம் படித்தவர்கள் இதைப் படிக்கும்போதே சிரிப்பீர்கள். மருந்துக் கடையில் அயோடின் டிஞ்சர் வாங்கினேன். டின்னில் மீதியிருந்த பொடியை ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலக்கி ஆறவைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே! சந்தையில் வாங்கிய பால் காளானை வெயிலில் காயவைத்து மிக்ஸியில் அரைத்து, அதையும் அதே மாதிரி இன்னொரு டம்ளரில் கலக்கினேன். மூன்றாவது டம்ளரில் சோறு வடித்த கஞ்சி.

நாலு சொட்டு விட்டேன். கஞ்சி கருநீலம். பால் காளான் அயோடினின் பழுப்பு நிறத்திலேயே இருந்தது. 1,850 ரூபாய்ப் பொடி, கஞ்சிக்குத் தம்பி மாதிரி கருத்துப்போனது.

காளானில் ஸ்டார்ச் கிடையாது. அது தன் சக்தியை நம் கல்லீரல் மாதிரி கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. அப்படியானால் ஸ்டார்ச் எங்கிருந்து வந்தது? காளான் வித்து தயாரிக்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து அதன் மேல் பூஞ்சை இழையைப் படர விடுவார்கள். குடையாக முளைக்கும் வரை காத்திருக்காமல் அந்தத் தானியத்தையும் இழையையும் சேர்த்தே காயவைத்து அரைத்தால், அதற்கும் காளான் பொடி என்றுதான் பெயர். இல்லையென்றால் நேராக மாவையே கலந்திருக்கலாம். எது என்று என் டம்ளரால் சொல்ல முடியாது, எத்தனை சதவீதம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் காளான் மட்டும் இல்லை என்று சொல்லும். அதைச் சொல்ல ஐந்தாம் வகுப்புப் பாடமே போதுமானதாக இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது முதலில் தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்த ஆட்களின் கூட்டம் நடந்தது. பையன் கூப்பிட்டான் என்று நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ரெய்ஷியைக் காட்டினார்கள். சீனத்து ராஜாக்கள் மட்டும் சாப்பிட்டது, அடர்ந்த காட்டில் லட்சத்தில் ஒரு மரத்தில் முளைப்பது என்று ஒருவர் உருகி உருகிப் பேசினார். வார்னிஷ் அடித்த மாதிரி பளபளக்கிற செம்பழுப்பு விசிறி. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அப்போது தோன்றியது, ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தென்னைக்குத் தண்ணீர் திருப்பும்போது வந்தது. என் கிழக்கு வரிசையில் பட்டுப்போன தென்னையின் தூரில் ஒட்டிக்கொண்டிருப்பது அதன் கூடப்பிறந்ததுதான்!

கானோடெர்மா. அந்த இனத்தைத்தான் டின்னில் ரெய்ஷி என்று போடுகிறார்கள். தென்னை விவசாயிக்கு அது எமன். 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பதிவானதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும், மட்டை தொங்கும், கடைசியில் தூரில் அந்த விசிறி முளைக்கும். மரத்துக்கு வருஷத்துக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு வை, ட்ரைக்கோடெர்மா போடு, ஒரு சத போர்டோக் கலவையை 40 லிட்டர் தூரில் ஊற்று, நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்து என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற எங்கள் பள்ளத்தாக்கில் இதைச் செய்யாத தென்னைக்காரர் குறைவு.

தென்னையைக் கொல்வது நாயையும் கொல்லும் என்று நான் வாதாடவில்லை. அது வாதமே ஆகாது. வேப்பிலை பூச்சிக்கு விஷம், நமக்கு அம்மன் பிரசாதம். நான் சொல்வது வேறு. லட்சத்தில் ஒரு மரம் என்று அந்த மேடையில் சொன்னவருக்குத் தான் விற்கிற பொருள் என்னவென்றே தெரியவில்லை. நாயைப் பற்றி மட்டும் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

இப்போது "ஆராய்ச்சி" விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் பின்னூட்டத்தில் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2012-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. நாய்க்கு மண்ணீரலில் வருகிற ஹீமாஞ்சியோசர்கோமா என்ற கொடிய புற்றுநோய். டர்க்கி டெயில் காளானிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்தை 15 நாய்களுக்கு மூன்று அளவில் கொடுத்தார்கள். அதிக அளவு பெற்ற பிரிவில் நடுத்தர ஆயுள் 199 நாள். அதுவரை அந்த நோயில் எதிர்பார்த்ததைவிட அதிகம். உலகம் முழுக்கப் பொடி விற்கிறவர்கள் இதைத்தான் பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லி விற்கிறார்கள். ஆனால் ஒரு பிரிவுக்கு ஐந்தே நாய். பொடி கொடுக்காத ஒப்பீட்டுப் பிரிவு கிடையாது. என் மூன்றாவது டம்ளர் மாதிரி ஒன்று அங்கே இல்லை. ஆய்வு செய்தவர்களுக்கே அது தெரியும், அதனால்தான் பெரிதாக மறுபடியும் செய்தார்கள். 101 நாய்கள். 2022-இல் முடிவு வந்தது. காளான் சத்தைத் தனியாகக் கொடுத்தாலும் டாக்சோரூபிசின் என்கிற புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஆயுள் கூடவில்லை. காளான் சத்தை மட்டும் பெற்ற பெண் நாய்கள், டாக்சோரூபிசின் பெற்றவற்றைவிடக் குறைந்த நாளே இருந்தன.

முதல் ஆய்வைப் பெரிய எழுத்தில் போட்டு, இரண்டாவதை மறைத்து விற்பது என்ன முழுமையான ஆரோக்கியம்? பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை விற்கிற மாதிரி இல்லையா?

"ஜப்பானில் மருந்தாகவே கொடுக்கிறார்கள்" என்பார்கள். அதே டர்க்கி டெயிலிலிருந்து பிரித்த பிஎஸ்கே என்ற பொருளை 1977-இல் ஜப்பான் அனுமதித்தது. மனிதருக்கு, அளந்து, புற்றுநோய் மருந்தோடு துணையாக. சோள மாவோடு ஒரு ஸ்பூன் என்று அனுமதிக்கவில்லை. பூஞ்சையிலிருந்து மருந்து வராது என்று சொன்னால் நான் வாத்தியாரே இல்லை. பென்சிலினே பூசணத்தில் வந்ததுதான், 1928-இல் ஃபிளெமிங் பார்த்தது. அதற்காக யாரும் பூசணம் பூத்த ரொட்டியை நோயாளிக்கு ஊட்டவில்லை. பிரித்தெடுத்து மருந்தாக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. "காளான் என்றால் எதிர்ப்புச் சக்தி கூடும்" என்பதும் பொதுவிதி இல்லை. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து. தோல் அரிப்பு தாங்காத நாய்களுக்கு அதை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். நாய்க்குத் தன் எதிர்ப்புச் சக்தியே தன் ரத்த அணுக்களைத் தின்கிற வியாதியும் உண்டு. அதற்குப் போய் "இம்யூனிட்டி பூஸ்டர்" கொடுப்பீர்களா? ரெய்ஷி ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. மூக்கில் ரத்தம் வழிந்த நாய்க்கு அளவை இரண்டு மடங்கு ஆக்கச் சொன்னவர்களுக்கு இது தெரியுமா?

இப்படி எழுதியதும் ஒரு கூட்டம் கிளம்பும்: "சார் இங்கிலீஷ் மருந்துக் கம்பெனி ஆள், நம் மரபு மருத்துவத்துக்கு எதிரி." நான் எதிரி இல்லை. என் வீட்டில் மாடு இருந்த காலத்தில் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தண்ணீர் கலந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூசியவன் நான். அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்தது. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இந்த மூலிகை முறைகளை வருஷக்கணக்காகத் தொகுத்து, மாட்டுக்காரர்களிடம் கொண்டுபோனார். தேசிய பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டு பரப்புகிறது. எத்தனை கிராம், எத்தனை தடவை, எந்த நோய்க்கு என்று எல்லாமே திறந்த புத்தகம். பொருள் நம் கொல்லையில் கிடைக்கும். அதில் யாருக்கும் கமிஷன் இல்லை. மரபு என்று நான் கும்பிடுவது அதைத்தான். எங்கோ அரைத்து, டின்னில் அடைத்து, ஆளுக்கு ஆள் தலைக்கட்டுக் கமிஷன் வைத்து இறங்குகிற பொடிக்கு நம் பாட்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். எங்கள் பாட்டி இடி மழைக்குப் பிறகு புற்றில் முளைத்த காளானைப் பறித்துக் குழம்பு வைத்தாள். மருந்து என்று விற்கவில்லை. தெரியாத காளான் என்றால் தொடவும் விடமாட்டாள்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. புற்றுநோய், நீரிழிவு மாதிரி பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. அந்தச் சட்டத்தில் "மருந்து" என்றால் மனிதருக்கானது மட்டுமல்ல, விலங்குக்கானதும்தான். "நாய்க் கேன்சர் கட்டி கரையும்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற தம்பிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு மாதத்துக்கு முன் நானே அப்படி ஒரு படத்தை அனுப்பினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பழியையும் பொடி விற்கிறவர்கள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மலையில் ஏலத்தோட்டத்துக்குக் காவலுக்குப் போகிறவர், நாய்க்குச் சுகமில்லை என்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவுக்கு ஐந்நூறு. போனால் வாசலில் பத்து மாடு, இருபது ஆடு நிற்கும். சினை மாட்டை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள் என்று யாரால் கேட்க முடியும்? மருத்துவருக்கு ஒரு நாய்க்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. பொடி விற்கிற பையனோ வீட்டுக்கு வருகிறான், திண்ணையில் உட்கார்கிறான், நாயின் பெயரைக் கேட்கிறான், தடவிக் கொடுக்கிறான், மோர் வாங்கிக் குடிக்கிறான். அரை மணி நேரம் நம் நாயைப் பற்றி ஒருவன் காது கொடுத்துக் கேட்டால், அவன் எதை நீட்டினாலும் வாங்கத் தோன்றும். எனக்கே தோன்றியது. கால்நடை ஆம்புலன்ஸ் 1962 எண்ணில் வருகிறது, தேனிக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. இன்னும் வர வேண்டியது நிறைய இருக்கிறது. அதைக் கேட்டு மனுப் போடுவோம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரி தூரம் என்பதற்குப் பதில் காளான் பொடி இல்லை.

முழுமையாகப் பார்ப்பது என்ற வார்த்தையை மட்டும் அவர்களிடம் விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை, நல்ல வார்த்தை அது. அந்த மருத்துவர் மூன்று நிமிஷத்தில் செய்ததுதான் முழுமையாகப் பார்ப்பது. காதைத் திருப்பிப் பார்த்தார், கால் விரல் இடுக்கைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வால் அடியைப் பார்த்தார். அதோடு, "நாய் எங்கே படுக்கும்?" என்று கேட்டார். மோட்டார் ரூமில் என்றார் அண்ணன். "சுவர் வெடிப்பைப் பாருங்க, அங்கதான் இருக்கும்" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தோம். செங்கல் இடுக்கு முழுக்கப் பழுப்பு உண்ணி, முட்டையோடு. நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மீதி சுவரில் குடியிருக்கிறது. செவலைக்கு வந்த வியாதி எந்தத் தேசத்துக் காட்டிலும் இல்லை, மோட்டார் ரூம் சுவரில் இருந்தது. இதை எந்த டின்னிலும் எழுதவில்லை. சுவரைப் பூசச் சொன்னால் யாருக்கும் கமிஷன் கிடைக்காது.

இனி அந்தப் பையனுக்கு. பெயர் எழுதவில்லை, நீ படிப்பாய் என்று தெரியும்.

தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனால் உன் நிலைமையும் எனக்குத் தெரியும். திருப்பூரில் வேலை போனது, சேர்வதற்கு அறுபதாயிரத்துக்குச் சரக்கு எடுத்தது, அதற்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்தது எல்லாம் நீயே சொன்னாய். உனக்கு மேலே இருக்கிறவன் உன்னை வைத்துச் சம்பாதிக்கிறான், உனக்குக் கீழே ஆள் சேராவிட்டால் அந்தத் தோடு மீளாது. அதனால்தான் மூக்கில் ரத்தம் வந்தபோதும் உன் வாயிலிருந்து "டாக்டரிடம் போங்க சார்" என்று வரவில்லை. நாலாம் வகுப்பில் தெரியாத கேள்விக்கு "தெரியல சார்" என்று எழுந்து நின்று சொல்கிற ஒரே பையன் நீதான். அதற்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும். அந்தப் பையனை அந்த மண்டபத்து மேடையில் என்ன செய்தார்கள்?

நேற்று நீ போனில், "சார், பதிவு போட்டா என் பிழைப்பு போயிரும்" என்றாய். உனக்காகப் பேசி இரண்டு பேர் போன் செய்தார்கள், அதில் ஒருவர் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர். பதிவை நிறுத்த மாட்டேன். உன்னிடம் மிச்சம் இருக்கும் டின்களைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து படிப்போம். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுத வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், தேனிக்குக் கூடவே வருகிறேன். தோட்டை மீட்க என்னால் முடிந்ததையும் தருகிறேன். ஆனால் இந்த ஊரில் இன்னொரு நாய்க்கு அந்தப் பொடியைக் கொடுக்க நீ கிளம்பினால், உனக்கு முன்னால் அயோடின் பாட்டிலோடு நான் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

64 பேரும், தயவுசெய்து உங்கள் பக்கத்தில் இருக்கும் என் பழைய பதிவின் படத்தை அழித்துவிடுங்கள். இதைப் பகிராவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. தண்ணீர் முறை மாற்றும்போதுகூட மடையைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். போன வாரம் கோம்பையிலிருந்து ஒரு குட்டி கொண்டுவந்திருக்கிறார், ஐம்பது நாள் குட்டி. வேலியோரம் நின்று, "வாத்தியாரே, இதுக்கு என்ன ஊசி, எப்ப போடணும்னு கேட்டு எழுதிக் குடுங்க. நீங்களா எதுவும் சொல்லாதீங்க" என்றார். கேட்டு எழுதிக் கொடுத்தேன். பார்வோ, டிஸ்டம்பர் கூட்டு ஊசி இப்போது ஒன்று, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும் வரை. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. முதல் ஊசிக்கு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறது. குட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.